இரவல் பெட்டி

1959 டிசம்பர் 12 அன்று, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள செப்ரிங் தடத்தில், அவ்வாண்டின் கடைசி ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தது. உலகப் பட்டத்தை வெல்லும் வாய்ப்பு மூவருக்கு இருந்தது: ஜாக் பிராபம், ஸ்டிர்லிங் மாஸ், டோனி புரூக்ஸ். இவர்களுள் பிராபமும் மாஸும் ஓட்டியது ஒரே வகைக் கார். கூப்பர் டி51 என்னும் அந்தச் சிறிய, எடை குறைந்த வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தின் இரண்டரை லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. இரு வண்டிகளுக்கும் இடையில் இருந்த பெரிய வேறுபாடு எஞ்சினுக்குப் பின்னால் தொங்கிய கியர் பெட்டிதான்.

மாஸின் வண்டியை நடத்தியவர் ராப் வாக்கர். அவர் இத்தாலியரான வலேரியோ கொலொட்டி பந்தயத்துக்கென்றே வடிவமைத்த பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார். பிராபமின் வண்டியில் இருந்ததோ சித்ரோயன் நிறுவனத்தின் குடும்பக் கார் ஒன்றிலிருந்து வந்த பெட்டியின் மாற்றுருவம். எடை தாங்காது என்று தெரிந்திருந்ததால், அதன் உறைக்குக் கூடுதல் விலா எலும்புகள் போல உலோகப் பட்டைகள் சேர்த்து வார்க்கச் செய்து, அதைப் பிராபம் தாமே வலுப்படுத்தியிருந்தார். செப்ரிங்கில் மாஸ் முதலிடத்துக்குப் பாய்ந்தார். சில சுற்றுகளுக்குள் கியர் பெட்டி கைவிட்டது. அதே ஆண்டு மொனாக்கோவிலும் நெதர்லாந்தின் ஸாண்ட்வூர்ட்டிலும் அவர் முன்னணியில் இருந்தபோதே எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்தும் இந்தப் பகுதிதான் பழுதாகி அவரை வெளியேற்றியிருந்தது. பிராபமுக்குக் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. அவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே எல்லைக் கோட்டைக் கடந்து நான்காவதாக வந்தார். ஆண்டின் முடிவில் பிராபமுக்கு 31 புள்ளிகள், புரூக்ஸுக்கு 27, மாஸுக்கு 25.5. அக்காலத்தின் மிகத் திறமையான ஓட்டுநர் எனப் பலரும் கருதிய மாஸ் அவ்வாண்டு மட்டுமன்றி வாழ்நாள் முழுவதுமே உலகப் பட்டம் பெறவில்லை.

கியர் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது இரண்டாம் நிலை வேலை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கதை போதும். எஞ்சினைப் பற்றிப் பேசப் பலர் உண்டு. குதிரைத்திறனை எண்ணிச் சொல்வது எளிது. பெட்டியைப் பற்றிப் பேச்சு எழுவது அது உடைந்த பிறகுதான்.

சிறிய அளவில் கார் செய்பவர்கள் எவரும் கியர் பெட்டியைத் தாமே செய்வதில்லை என்பது இத்தொழிலின் பழைய உண்மை. சட்டகத்தைக் குழாய்களால் பற்றவைத்துக்கொள்ளலாம். உடலைக் கண்ணாடி இழையால் வார்த்துக்கொள்ளலாம். பற்களை வெட்டிக் கடினப்படுத்தி, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியத்தில் பொருத்துவதற்குப் பெரிய ஆலை வேண்டும். ஆகவே அவர்கள் இரவல் வாங்குகிறார்கள். இரவல் வாங்கிய பொருள் வேறொரு வண்டிக்காக, வேறொரு எடைக்காக, வேறொரு வாழ்க்கைக்காகச் செய்யப்பட்டது. அதைத் தம் வண்டிக்கு இணங்க வைப்பதில்தான் அறிவு செலவாகிறது.

சித்ரோயன் பெட்டி ஏன் கூப்பருக்குக் கிடைத்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1934இல் வெளிவந்த டிராக்சியோன் அவாந் என்னும் அந்தக் கார் முன்சக்கரங்களால் இயங்குவது. எஞ்சின், கியர் பெட்டி, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் எல்லாம் முன்புறத்தில் ஒரே தொகுதியாக இருக்கும். அத்தொகுதியை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால், நடுவில் எஞ்சின் கொண்ட பந்தயக் கார் பிறந்துவிடுகிறது. ஆனால் எஞ்சின் வண்டியின் நீளவாக்கில் இருந்தால் தொகுதியைத் திருப்பி வைக்கவேண்டியிருக்கும். திருப்பினால் சக்கரம் சுழலும் திசையும் மாறிவிடும். 1966இல் வந்த லோட்டஸ் யூரோப்பா, ரெனோ 16 காரின் தொகுதியை அரைவட்டம் திருப்பிப் பயன்படுத்தியது. டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கத்துக்கு மாற்றாமல் விட்டிருந்தால் அந்த அழகிய கார் பின்னோக்கி நான்கு கியரிலும் முன்னோக்கி ஒரே கியரிலும் ஓடியிருக்கும். பந்தயப் பெட்டி என்றவுடன் நினைவுக்கு வரும் ஹியூலேண்ட் நிறுவனமேகூட, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பெட்டி உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே தன் பற்களை வைத்துத்தான் தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கும் இந்த இரவல் வரலாற்றில் பங்குண்டு. கோவையின் பஞ்சாலைத் தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். அதில் இருந்தது மாருதி 800இன் எஞ்சினும் அதன் கியர் பெட்டியும். மூன்று சிலிண்டர், 796 சி.சி.; நாட்டின் எந்தச் சிற்றூர்ப் பணிமனையிலும் பழுது பார்க்கக்கூடியது. மாருதியில் எஞ்சின் வண்டியின் குறுக்குவாக்கில் கிடப்பதால் தொகுதியைத் திருப்பவேண்டிய தேவையே இல்லை. முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே பின்னால் நகர்த்தினால் சக்கரம் முறையான திசையிலேயே சுழலும். இந்த எளிமை சிக்கனத்தையும் கொண்டுவந்தது. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வசதியுள்ள சிலரின் விளையாட்டாக இருந்த பந்தயம், அதன் பிறகு இன்னும் பலருக்கு எட்டியது. கோவையின் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005இல் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானார். கரிவரதன் 1995இல் வான விபத்தில் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாருதியின் எஞ்சின் சிறியது. அதன் பெட்டிக்கு அதனால் ஆபத்தில்லை. எடை குறைந்த வண்டியில் பெரிய எஞ்சினை வைக்க நினைக்கும்போதுதான் தேர்வு கடினமாகிறது. பெங்களூருவில் இப்போது அத்தகைய தேர்வில் ஈடுபட்டிருக்கும் இளைஞன் ஒருவன் உண்டு. அவன் பெயர் இங்கே தேவையில்லை. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவரின் பேரன். பெங்களூரு மாநகரப் பேருந்தை ஓட்டி ஓய்வுபெற்றவரின் மகன். பகலில் மின்சார வாகன நிறுவனம் ஒன்றில் பொறியாளன். அவன் பணியிடத்தில் கியர் பெட்டி என்ற சொல்லே அரிதாகக் கேட்கிறது, மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால். மாலையிலும் ஞாயிறுகளிலும் அவன் தன் நண்பனின் கிடங்கில் குழாய்ச் சட்டகம் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். சாலைக்கு அல்ல. தானாகச் செய்த காரை இந்தியச் சாலையில் பதிவுசெய்து ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் எளிதில் இடம் தராது என்பது அவனுக்குத் தெரியும். தடத்தில் மட்டும் ஓட்டுவதற்கான வண்டி அது.

விபத்தில் சிதைந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றின் எஞ்சின் அவனிடம் இருக்கிறது. 1.8 லிட்டர், டர்போ பொருத்தியது. ஆலையிலிருந்து வரும்போது 150 குதிரைத்திறன். அதை 200க்கு மேல் உயர்த்துவது இந்நாட்டு எஞ்சின் வல்லுநர்களுக்குக் கைவந்த கலை. அவன் செய்யும் வண்டியோ ஓட்டுநரோடு சேர்த்து 650 கிலோதான் இருக்கும். ஆக்டேவியாவின் எடையில் ஏறத்தாழப் பாதி.

அவன் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, ஆக்டேவியாவின் சொந்த ஐந்து கியர் பெட்டியையே எஞ்சினோடு சேர்த்துப் பின்னால் வைப்பது. இரண்டாவது, இந்தக் கார் எஞ்சினையே விட்டுவிட்டு, சுசுகி ஹயாபூசா போன்ற பெரிய மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குப் போவது. அதில் கியர் பெட்டி எஞ்சின் உறைக்குள்ளேயே இருக்கிறது, வரிசையாக மட்டும் மாறும் ஆறு கியர், எடையும் குறைவு. ஆனால் பின்னோக்கிச் செல்ல வழியில்லை, அதோடு 250 கிலோ வண்டிக்கெனச் செய்யப்பட்ட கிளட்ச் 600 கிலோவைத் தாங்கவேண்டும். மூன்றாவது, இங்கிலாந்திலிருந்து ஆறு கியர் பந்தயப் பெட்டி ஒன்றை இறக்குமதி செய்வது. நேர்ப்பற்கள், மின்னலைப் போன்ற மாற்றம், கேட்டாலே சிலிர்க்கும் ஒலி. அதன் விலையும் சுங்கவரியும் சேர்ந்தால், அவன் இரண்டாண்டுகளாகச் சேர்த்துவைத்த பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.

அவன் மனம் மூன்றாவதை நோக்கியே சாய்ந்திருந்தது. அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. ஒலிக்கும் ஓர் ஈர்ப்பு உண்டு. வீட்டுக் கார்களின் கியர்ப் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு பல் விலகுமுன் அடுத்த பல் கவ்விக்கொள்வதால் சத்தம் எழுவதில்லை. நேராக வெட்டிய பற்கள் ஒன்றையொன்று அறைந்தே சுழல்கின்றன. அதிலிருந்து எழுவதுதான் பந்தயக் காரின் ஊளை. பக்கத்து வீட்டுக்காரர் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது எழும் மெல்லிய ஊளையும் அதே காரணத்தால் வருவது. பெரும்பாலான கார்களில் ரிவர்ஸ் கியர் மட்டும் நேர்ப்பல்லாக இருக்கும். நேர்ப்பல்லில் பக்கவாட்டு உந்துவிசை இல்லை. அதனால் தாங்கிகளுக்கும் உறைக்கும் சுமை குறைகிறது. பந்தயத்தில் அதை விரும்புவதற்கு இது நல்ல காரணம். ஆனால் நல்ல காரணம் எல்லா வண்டிக்கும் தேவையான காரணமாகிவிடாது.

பெங்களூரு சிவாஜிநகரின் குஜிரியில், பழைய கார் உறுப்புகள் குவிந்துகிடக்கும் அந்தச் சந்துகளில், அவன் ஒரு மூத்த மெக்கானிக்கைச் சந்தித்தான். கியர் பெட்டிகளை மட்டுமே பிரித்துச் சேர்ப்பவர், நாற்பதாண்டு அனுபவம். இளைஞன் தன் திட்டத்தைச் சொன்னதும் அவர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். உடைந்த பற்சக்கரங்கள் மேசையில் உருண்டன.

“பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க தம்பி. இது பல்லு போன பிறகுதான் பேசும். எந்த கியர் ஒடஞ்சிருக்குன்னு பாரு.”

பெரும்பாலும் மூன்றாவது. சில இரண்டாவது. முதல் கியர் ஒன்றிரண்டுதான்.

“உன் வண்டி எவ்வளவு வெயிட்டுண்ணு சொன்னே?”

“ஆளோட அறுநூத்தம்பது கிலோ வரும் அண்ணா.”

“அப்ப டயர்தான் மொதல்ல தோத்துப்போகும். பொட்டி தப்பிச்சிரும். இழுவை வேணுமா, ஓட்டம் வேணுமா, அத முடிவு பண்ணிட்டு வா.”

இழுவை, ஓட்டம் என்னும் இந்த இரண்டு சொற்களில் இயந்திரவியல் பாடநூலின் ஓர் அத்தியாயம் அடங்கியிருக்கிறது. பாடநூல் அதை முறுக்குவிசை, திறன் என்று பிரிக்கும். கியர் பெட்டி திறனைக் கூட்டுவதில்லை. சுழற்சி வேகத்தை வாங்கிக்கொண்டு முறுக்குவிசையாகத் திருப்பித் தரும் நாணய மாற்றுக் கடை அது. கியரைத் தமிழ்க் கலைச்சொல் பற்சக்கரம் என்றும் பல்லிணை என்றும் அழைக்கிறது. ஓட்டுபவர்களோ கியரைப் ‘போடுகிறார்கள்’. கன்னடத்திலும் ‘கியர் ஹாக்கு’ என்று போடச் சொல்வதுதான் வழக்கம். இரு மொழிக்காரரும் அதை ஒரு செயலாகவே அறிந்திருக்கிறார்கள், பொருளாக அல்ல. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் குஜிரிச் சந்துகளில் இருக்கிறார்கள்.

இளைஞன் அன்றிரவு கணக்கிட்டான். அந்தக் கணக்கை எவரும் போட்டுப் பார்க்கலாம். வண்டி வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்கிறது. 650 கிலோவில் ஏறத்தாழ 420 கிலோ பின்சக்கரங்களின் மீது நிற்பதாகக் கொள்ளலாம். நல்ல சாலை டயர், தன் மீதுள்ள எடைக்குச் சமமான அளவு விசையைத் தரையில் ஊன்றும். அது சுமார் 4,100 நியூட்டன். டயரின் ஆரம் 30 செ.மீ. எனில், சக்கர அச்சில் 1,230 நியூட்டன் மீட்டருக்கு மேல் எதைக் கொடுத்தாலும் டயர் வழுக்கிச் சுழலும். எஞ்சின் தரப்போவது 280 நியூட்டன் மீட்டர். இவ்வகைப் பெட்டியின் முதல் கியரில், டிஃபரன்ஷியலின் பெருக்கத்தையும் சேர்த்தால், அது சுமார் 13 மடங்காகிறது: 3,640. டயரால் தாங்கக்கூடியதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டாவது கியரில் சுமார் 8 மடங்கு: 2,240. அதுவும் மிகை. மூன்றாவதில் சுமார் 5 மடங்கு: 1,400. அங்கேதான் எஞ்சின் தருவதும் தரை ஏற்பதும் ஏறக்குறைய சமமாகின்றன.

ஆக்டேவியாவின் முதல் கியர் யாருக்காக வெட்டப்பட்டது? ஐந்து பேரும் பெட்டி படுக்கைகளும் ஏறிய காரை நந்தி மலையின் கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி மீண்டும் கிளப்பவேண்டிய குடும்பத்துக்காக. பாதி எடையுள்ள ஒற்றை ஆள் வண்டிக்கு அது வேண்டியதில்லை. மறுமுனையில், ஐந்தாவது கியர் நெடுஞ்சாலையில் எரிபொருள் மிச்சப்படுத்த வெட்டப்பட்டது. செட்டிபாளையத்தின் குறுகிய தடத்தில் அதற்கு இடமேயில்லை. எஞ்சின் நிமிடத்துக்கு 6,500 முறை சுழலும்போது இரண்டாவது கியரில் மணிக்குச் சுமார் 90 கி.மீ., மூன்றாவதில் சுமார் 145, நான்காவதில் சுமார் 185. தடத்தில் அவனுக்கு வேண்டியவை இந்த மூன்று கியர்கள்தாம். ஆறு கியர் கொண்ட பெட்டிக்காக இரண்டாண்டுச் சேமிப்பைக் கொட்ட நினைத்தவனுக்கு, கையிலிருக்கும் ஐந்திலேயே இரண்டு மிகுதி என்று கணக்கு சொன்னது.

எடை குறைந்த, ஆற்றல் மிகுந்த வண்டிக்குக் கூடுதல் கியர்கள் வேண்டும் என்பது பரவலான எண்ணம். உண்மை பெரும்பாலும் நேரெதிரானது. எஞ்சினுக்கு இழுவை தாராளமாக இருந்தால், ஒவ்வொரு கியரும் நீண்ட தூரம் தாங்கும். மாற்றும் நொடிகளும் மிச்சமாகும். போர்ஷே நிறுவனம் 1975இல் தன் 911 டர்போவை நான்கு கியர்களோடுதான் வெளியிட்டது. அதே அளவு உறைக்குள் ஐந்துக்குப் பதில் நான்கு இணைகளை வைத்தால் ஒவ்வொரு பல்லும் அகலமாகும், டர்போவின் முறுக்குவிசையைத் தாங்கும். 1989இல் வலுவான புதிய ஐந்து கியர் பெட்டி வரும்வரை அது நான்கோடுதான் ஓடியது. எவரும் அதை மெதுவான வண்டி என்று சொன்னதில்லை.

மெக்கானிக் சொன்ன ‘டயர் முதலில் தோற்கும்’ என்ற சொல்லில் இன்னும் முக்கியமான ஒன்று ஒளிந்திருந்தது. பெட்டியை உடைப்பது எஞ்சின் மட்டுமல்ல, தரையும்தான். டயர் இறுகப் பிடித்து நிற்க, எஞ்சின் தள்ள, இடையில் சிக்கும் பல் முறிகிறது. டயர் வழுக்கிவிட்டால் பல்லுக்குச் சேரும் சுமை அந்த அளவோடு நின்றுவிடும். முன்சக்கரங்களின் மீது 740 கிலோ அழுத்தும் கனமான காரில் அந்த வரம்பு 2,200 நியூட்டன் மீட்டரை நெருங்கும். இவனுடைய வண்டியில் 1,230. ஆகவே கனமான காரில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் உடையும் அதே பெட்டி, எடை குறைந்த காரில் அந்த இடங்களில் பிழைத்துக்கொள்ளும். கவலைப்பட வேண்டியது மூன்றாவதையும் நான்காவதையும் பற்றித்தான். அங்கே டயர் வழுக்காது, எஞ்சினின் முழு விசையும் பற்களின் வழியே போகும். இதற்கு விதிவிலக்கும் உண்டு. வழுக்கிச் சுழலும் சக்கரம் திடீரெனப் பிடிப்பை மீட்கும் நொடியின் அதிர்ச்சி எந்தக் கணக்குக்கும் அடங்காது. பந்தய டயர் மாட்டினால் வரம்பே உயர்ந்துவிடும். கிளட்ச்சைச் சட்டென்று விடுபவனுக்கு எந்தப் பெட்டியும் நீடிக்காது.

இந்தக் கடைசிச் செய்தியை இளைஞனுக்கு விளக்க மெக்கானிக் தேவைப்படவில்லை. வீட்டில் தந்தை இருந்தார். இறக்குமதிப் பெட்டியின் சிறப்புகளை மகன் ஒருநாள் உணவு வேளையில் விவரித்தான். அதில் வேகங்களை இணக்கும் சின்க்ரோ வளையங்கள் இல்லை, அகன்ற இடைவெளியுள்ள கவ்விகள் நேரடியாகக் கொக்கிபோட்டுக் கொள்கின்றன, இறங்கும்போது ஓட்டுநரே எஞ்சின் வேகத்தை உயர்த்தி இணக்கவேண்டும் என்றெல்லாம் சொன்னான். தந்தை சிரித்தார்.

“இதத்தானேடா நான் பழைய பஸ்ல பண்ணிட்டிருந்தேன். டபுள் கிளட்ச். நியூட்ரல்ல ஒரு மிதி, அப்புறம் கீழ் கியர். காது கேக்கணும், கால் கேக்கணும். அதுக்கா இவ்வளவு காசு?”

அவர் சொன்னது உண்மை. பழைய பேருந்துகளின் பெட்டிக்கும் பந்தயப் பெட்டிக்கும் உள்ளமைப்பில் உறவு உண்டு. இரண்டிலும் வேகத்தை இணக்கும் பொறுப்பு மனிதனுடையது. 1928இல் காடிலாக் நிறுவனம் கார்களுக்குச் சின்க்ரோ அமைப்பைக் கொண்டுவந்த பிறகு வீட்டுக் காரோட்டிகள் அந்தத் திறனை மறந்தார்கள். நாளெல்லாம் நிறுத்தத்துக்கு நிறுத்தம் கியர் மாற்றிய பேருந்து ஓட்டுநர்கள் மறக்கவில்லை. விலை உயர்ந்த தொழில்நுட்பம் எனப் பார்த்த ஒன்று தன் தந்தையின் இடது காலில் முப்பதாண்டுகள் இருந்திருக்கிறது என்பது அவனைச் சிறிது நேரம் பேசாமல் வைத்தது.

கையால் மாற்றும் பெட்டி பின்தங்கியது என்ற எண்ணமும் ஆராயத்தக்கது. ஸ்டியரிங்கின் பின்னால் துடுப்புகளை வைத்து கியர் மாற்றும் முறை 1989இல் ஃபெராரி 640 காரில் ஃபார்முலா ஒன்னுக்கு வந்தது. பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதில் வென்றார். அதன்பின் பந்தய உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கார்டன் மர்ரே, எடையைக் குறைப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர், 2020இல் அறிவித்த டி.50 காருக்குத் தேர்ந்தெடுத்தது எக்ஸ்ட்ராக் நிறுவனத்தின் ஆறு கியர் கைப்பெட்டி. எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு, திறனோ 650 குதிரைக்கும் மேல். தடத்துக்கு மட்டுமான அதன் இன்னொரு வடிவத்தில் அவரே துடுப்பு முறையை வைத்தார். நொடியைத் துரத்தும் வண்டிக்கு ஒன்று. ஓட்டும் இன்பத்துக்கு மற்றொன்று. எது சிறந்தது என்ற கேள்விக்கு முன்னால், எதற்காக என்ற கேள்வியை அவர் வைத்திருக்கிறார்.

கியர்களின் எண்ணிக்கை பற்றிய பாடத்தை மின்சாரப் பந்தயமும் தந்திருக்கிறது. 2014இல் ஃபார்முலா ஈ தொடங்கியபோது எல்லாக் கார்களிலும் ஐந்து கியர் ஹியூலேண்ட் பெட்டி இருந்தது. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அந்த முதல் பருவத்தில் மகிந்திரா அணிக்காக ஓட்டினார். அடுத்த பருவத்தில் அணிகளுக்கு உரிமை கிடைத்ததும் கியர்களின் எண்ணிக்கை அணிக்கு அணி மாறியது. சில ஆண்டுகளில் ஒற்றைக் கியரே நிலைத்தது. எஞ்சினின் குறையை ஈடுசெய்யவே கியர் பெட்டி பிறந்தது. குறை நீங்க நீங்கப் பெட்டியும் சிறுத்துப் போகிறது.

இளைஞன் முதல் வழியைத் தேர்ந்தான். ஆக்டேவியாவின் பெட்டி, அதே பற்கள். பெட்டி கம்பிவடத்தால் இயங்குவது என்பதால், நீண்ட வடங்களைச் செய்வித்து முன்னிருக்கும் கைப்பிடியோடு இணைத்தான். வீட்டில் செய்த கார்களைக் கைவிட்டு ஓடச் செய்வது பெரும்பாலும் இந்த இணைப்பில் இருக்கும் தளர்ச்சிதான்; எந்தக் கியரில் இருக்கிறோம் என்று கைக்குத் தெரியாவிட்டால், மூன்றாவதைத் தேடும் கை முதலாவதில் விழும், எஞ்சின் சிதறும். வடங்களைக் கூர்வளைவுகள் இல்லாமல் கொண்டுசெல்ல அவன் இரண்டு முழு ஞாயிறுகளைச் செலவிட்டான். பெட்டிக்குள் மாற்றியது ஒன்றை மட்டும்: டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல், பிடிப்பற்ற சக்கரத்துக்கே விசையை வாரிவிடும். வளைவில் எடை இழந்த உட்சக்கரம் வெறுமனே சுழன்று புகையும். நழுவலுக்கு வரம்பு கட்டும் வகை அங்கே அமர்ந்தது. மெக்கானிக் இதையே முதலில் சொல்லியிருந்தார்: “பல்லை மாத்தறதுக்கு முன்னாடி பங்கு பிரிக்கிறத மாத்து தம்பி.”

மிஞ்சிய பணம் பிரேக்குகளுக்கும், பாதுகாப்புக் கூண்டுக்கும், இருக்கைப் பட்டைகளுக்கும், தீயணைப்பானுக்கும் போனது. இதைச் சொல்லும்போது சிலிர்ப்பு எதுவும் வருவதில்லை. ஆனால் 650 கிலோவுக்கு 200 குதிரை என்பது விளையாட்டுப் பொருள் இல்லை. மூன்றாவது கியரின் முடிவில் அந்த வண்டி நொடிக்கு 40 மீட்டர் கடக்கும். இறக்குமதிப் பெட்டியை வாங்கியிருந்தால் அவன் பழைய பிரேக்குகளோடுதான் அந்த வேகத்துக்குப் போயிருப்பான். கியர் பெட்டியின் தேர்வு கியர் பெட்டியோடு முடிவதில்லை. ஒரே பணப்பையிலிருந்து எல்லா உறுப்புகளும் உண்கின்றன.

கணக்கு நிறைவாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மூன்றாவது கியரின் பற்கள் எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தடம்தான் சொல்லும். நீண்ட வளைவில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிப் பற்கள் வறண்டுபோகும் வாய்ப்பு உண்டு. அதற்காக எண்ணெய் சூட்டை அளக்கும் கருவி ஒன்றை அவன் பொருத்தியிருக்கிறான். உடைந்தால் மாற்ற, சிவாஜிநகரில் இன்னொரு பெட்டிக்கு முன்பணமும் கொடுத்து வைத்திருக்கிறான். இறக்குமதிப் பெட்டி உடைந்தால் இங்கிலாந்திலிருந்து உறுப்பு வரும்வரை வண்டி கிடங்கில் கிடக்கும். இது உடைந்தால் மறுவாரமே ஓடும். கரிவரதன் மாருதியின் பெட்டியைத் தேர்ந்ததும் ஏறத்தாழ இதே நியாயத்தில்தான். பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும் பொருளே நல்ல பொருள்.

கொலொட்டியின் பெட்டி மோசமான வடிவமைப்பு என்று எவரும் சொல்லமாட்டார்கள். அதே 1959இல், அதே பெட்டியோடு, மாஸ் போர்ச்சுகலிலும் இத்தாலியிலும் வென்றார். அது உடையாத நாட்களில் அவரை எவராலும் நெருங்க முடியவில்லை. பிராபமின் சித்ரோயன் பெட்டி எந்த நாளிலும் அவ்வளவு சிறப்பாக இருந்ததில்லை. அதன் பலவீனம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் உலோகம் சேர்த்திருந்தார். பெங்களூருவின் அந்தக் கிடங்கில் நிற்கும் வண்டிக்கும் இப்போது அந்த அளவு அறிவு வாய்த்திருக்கிறது. முதல் ஓட்டத்துக்குத் தந்தையும் செட்டிபாளையம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கியர் மாற்றும் ஒலியைக் காதால் கேட்டே மகன் சரியாக ஓட்டுகிறானா என்று சொல்லிவிடுவாராம்.